'ஏடி' என்றால் 'ஓகே' வரவேண்டும்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் மோடம், அதாவது கணினியைத் தொலைபேசி வழியாக வெளியுலகோடு இணைக்கும் கருவி, பற்றியவை. அவற்றில் பாதி 'அன்புள்ள ஐயா' என்று தொடங்குகின்றன. ஒரு சின்னத் திருத்தம்: நான் அம்மா. இருபத்திரண்டு வருடமாகச் சீரியல் கேபிளோடு குடும்பம் நடத்துகிறேன். என் மேசை இழுப்பறையைத் திறந்தால் 9 ஊசி கனெக்டர்தான் முதலில் கையில் குத்தும். தலைப்புக்கும் ஒரு வரி விளக்கம்: மோடத்துக்குக் கொடுக்கும் கட்டளைகள் 'ஏடி' என்று தொடங்கும், வெறும் 'ஏடி' அனுப்பினால் நலமாக உள்ள மோடம் 'ஓகே' என்று பதில் சொல்லும். சரி, கேள்விகளுக்கு வருவோம்.

கேள்வி: யூஎஸ்பி மோடம் ஒன்றை லினக்ஸ் மடிக்கணினியில் செருகினேன். மோடம் வரவில்லை, திரையில் ஒரு சிடி டிரைவ் முளைக்கிறது. உள்ளே விண்டோஸ் நிறுவல் கோப்புகள்தான் இருக்கின்றன. மோடத்தோடு பேசும் வாயிலான போர்ட், டிடிஒய்யூஎஸ்பி என்ற பெயரில் ஒன்றையும் காணோம். மோடம் பழுதா?

பதில்: பழுதில்லை, வேஷம் போட்டிருக்கிறது. கருவியை இயக்கும் டிரைவர் மென்பொருளுக்குத் தனியாகச் சிடி தருவதற்குப் பதில், அதை மோடத்துக்குள்ளேயே வைத்துவிடுவது தயாரிப்பாளர்களின் பழக்கம். செருகியவுடன் அது தன்னைச் சிடி டிரைவ் என்றுதான் சொல்லிக்கொள்ளும். விண்டோஸில் அந்த மென்பொருள் நிறுவப்பட்டதும் மோடத்துக்கு ஒரு ரகசியச் செய்தி அனுப்பும், வேஷம் கலையும். லினக்ஸில் இந்த வேலையைச் செய்வது யூஎஸ்பி மோட்ஸ்விட்ச் என்ற சிறு நிரல். அதை நிறுவிவிட்டு மோடத்தைக் கழற்றி மறுபடி செருகுங்கள்.

வேஷம் கலைந்ததா என்று எப்படித் தெரியும்? யூஎஸ்பி கருவிகளைப் பட்டியலிடும் எல்எஸ்யூஎஸ்பி கட்டளையை முன்னாலும் பின்னாலும் ஓட்டிப் பாருங்கள். ஒவ்வொரு கருவிக்கும் இரண்டு ஹெக்ஸ் (பதினாறடிமான) எண்கள் இருக்கும்: முதலாவது தயாரிப்பாளருடையது, இரண்டாவது பொருளுடையது. பெரும்பாலும் முதல் எண் அப்படியே இருக்க, இரண்டாவது மாறியிருக்கும். மாறியிருந்தால் பாதிக் கிணறு தாண்டிவிட்டீர்கள்.

மீதிப் பாதி, லினக்ஸின் மையமான கெர்னலில் எந்த டிரைவர் இதைக் கையில் எடுக்கிறது என்பது. கெர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெசெக் வெளியீட்டில் ஆப்ஷன் என்ற டிரைவர் பெயரும், ஜிஎஸ்எம் மோடம் கன்வெர்ட்டர் கண்டுபிடிக்கப்பட்டது, டிடிஒய்யூஎஸ்பி0 உடன் இணைக்கப்பட்டது என்ற வரிகளும் வந்தால் முடிந்தது. வரவில்லையென்றால் எல்எஸ்யூஎஸ்பி கட்டளையை மைனஸ் டி சேர்த்து ஓட்டுங்கள். மோடத்தின் எந்த இன்டர்ஃபேஸை (உட்பிரிவை) எந்த டிரைவர் பிடித்திருக்கிறது என்று மரம் போல வரைந்து காட்டும். டிரைவர் என்ற இடம் காலியாக இருந்தால், உங்கள் மோடத்தின் எண் அந்த டிரைவருக்குள் இருக்கும் பட்டியலில் இல்லை என்று பொருள். ஆப்ஷன் டிரைவர் அடிப்படையில் ஒரு நீண்ட விருந்தினர் பட்டியல்தான். பெயர் இல்லாதவருக்கு இலை போடாது. கெர்னல் தன் அமைப்புகளைக் கோப்புகளாகக் காட்டும் சிஸ்எஃப்எஸ் மரத்தில் யூஎஸ்பி-சீரியல் டிரைவர்களுக்குக் கீழே ஆப்ஷன்1 என்ற அடைவு இருக்கிறது. அதிலுள்ள நியூ ஐடி கோப்பில் அந்த இரண்டு ஹெக்ஸ் எண்களையும் எழுதினால் அந்தக் கணமே ஏற்றுக்கொள்ளும். கணினியை மறுபடி இயக்கினால் மறந்துவிடும், ஆகவே கருவி செருகப்படும்போது இயங்கும் யூடெவ் விதி ஒன்றில் போட்டுவைக்க வேண்டியிருக்கும்.

இதில் ஒரு வம்பு உண்டு. அப்படி எழுதும்போது அந்த மோடத்தில் யாரும் பிடிக்காமல் கிடக்கும் இன்டர்ஃபேஸ் எல்லாவற்றையும் ஆப்ஷன் வாரிக்கொள்ள முயலும், நெட்வொர்க் டிரைவருக்குப் போகவேண்டியதையும் சேர்த்து. நாலு போர்ட் முளைத்து, அதில் ஒன்று எதற்கும் பதில் சொல்லாமல் ஊமையாக இருந்தால் இதைச் சந்தேகியுங்கள். யூஎஸ்பிசீரியல் மாட்யூலுக்கு எண்ணைக் கொடுத்துப் பொதுவான டிரைவரால் ஓட்டலாம் என்று யாராவது சொல்வார்கள். செய்யலாம், ஆனால் அது சோதனைக்கு மட்டும்தான் என்று கெர்னலே டிமெசெக்கில் எச்சரிக்கை எழுதிவைக்கும். கெர்னல் பேச்சைக் கேளுங்கள்.

கேள்வி: போர்ட்டைத் திறந்தால் அனுமதி மறுக்கப்பட்டது என்கிறது. ரூட்டாக (நிர்வாகியாக) ஓட்டினால் வேலை செய்கிறது.

பதில்: உங்கள் பயனர் பெயரை டயல்அவுட் குழுவில் சேருங்கள் (ஆர்ச் லினக்ஸில் அந்தக் குழுவுக்குப் பெயர் யூயூசிபி). அப்புறம் வெளியேறி மறுபடி உள்நுழையுங்கள். இந்த இரண்டாவது வாக்கியத்தைப் படிக்காமல் மறுபடி கடிதம் எழுதுவோர் சங்கமே இருக்கிறது.

கேள்வி: ஒரு முனையத்தில் கேட் கட்டளையால் போர்ட்டைப் படிக்கவிட்டு, இன்னொன்றிலிருந்து எக்கோ கட்டளையால் 'ஏடி' அனுப்பினேன். ஒரு 'ஓகே' வரவேண்டிய இடத்தில் ஏடி, ஓகே, ஏடி, ஓகே, வெற்று வரி என்று நிற்காமல் கொட்டுகிறது. கன்ட்ரோல்-சி அழுத்தினால்தான் நிற்கிறது. மோடத்துக்குப் பைத்தியமா?

பதில்: இந்தக் கடிதத்தைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. ஏனென்றால் இதே பைத்தியத்துக்கு நான் இரண்டு மோடங்களைப் பலி கொடுத்திருக்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிது. நீர்த்தொட்டியின் மட்டத்தை மணிக்கொரு தடவை தொலைபேசி வழியாக அனுப்பும் ஒரு பெட்டி. மாலையில் சோதனையை ஓடவிட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். காலையில் பதிவுக் கோப்பு வட்டையே நிரப்பியிருந்தது, முழுக்க ஏடி, ஓகே. மோடத்தை மாற்றினேன், கேபிளை மாற்றினேன், இன்னொரு மோடத்தையும் மாற்றினேன். விற்றவர் மூன்றாவது தடவை என் குரலைக் கேட்டதும் போனை வைத்துவிட்டார். பாவம், அவர்மேல் தப்பே இல்லை.

கண்ணைத் திறந்தது மோடத்தின் முகப்பிலிருந்த விளக்குகள். ஆர்டி விளக்கு மோடம் கணினிக்கு அனுப்புவதைக் காட்டும், எஸ்டி விளக்கு கணினி மோடத்துக்கு அனுப்புவதைக் காட்டும். நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், எஸ்டி விளக்கு மினுக்மினுக் என்று அடிக்கிறது. நான் அனுப்பவில்லை, என் நிரலும் அனுப்பவில்லை. அப்புறம் யார்?

கெர்னல்தான். நிரலுக்கும் சீரியல் டிரைவருக்கும் நடுவில் லைன் டிசிப்ளின் என்ற ஓர் அடுக்கு உட்கார்ந்திருக்கிறது. அந்தக் காலத்தில் சீரியல் கம்பியின் மறுமுனையில் இருந்தது மோடம் மட்டுமல்ல, மனிதர் உட்கார்ந்து தட்டும் முனையம். அவர் தட்டும் எழுத்து அவர் திரையிலேயே தெரியவேண்டும் என்பதற்காக, வந்த ஒவ்வொரு எழுத்தையும் திருப்பி அனுப்புவது அந்த அடுக்கின் வேலை. அதற்குத்தான் எக்கோ என்று பெயர் (நீங்கள் ஓட்டிய எக்கோ கட்டளை வேறு). இன்றைக்கும் ஒரு டிடிஒய் (கெர்னல் இந்தப் போர்ட்டுகளை அழைக்கும் பெயர்) புதிதாகத் திறக்கும்போது இயல்பாக எக்கோ இயங்கிய நிலையில், வேகம் வினாடிக்கு 9600 பிட் என்றுதான் இருக்கும்.

இப்போது நடப்பதைப் பாருங்கள். நீங்கள் 'ஏடி' அனுப்புகிறீர்கள். மோடத்துக்கும் தன் பங்குக்கு எக்கோ உண்டு, அது அதே எழுத்துகளைத் திருப்பி அனுப்பிவிட்டு ஓகே சொல்கிறது. கெர்னல் மறுமுனையில் மனிதர் தட்டுகிறார் என்று நினைத்து அந்த 'ஏடி'யை மரியாதையாக மறுபடி மோடத்துக்கே அனுப்புகிறது. மோடம் அதைப் புதிய கட்டளை என்று எடுத்துக்கொண்டு, அதையும் எதிரொலித்து ஓகே சொல்கிறது. 'நீங்க முதல்ல சாப்பிடுங்க', 'இல்லை, நீங்க முதல்ல' என்று இரண்டு பேர் விடியவிடியச் சொல்லிக்கொண்டால் எப்படியோ அப்படி.

மருந்து எளிது. போர்ட்டின் அமைப்பை மாற்றும் எஸ்டிடிஒய் கட்டளையில் மைனஸ் எஃப் போட்டு உங்கள் போர்ட்டின் பெயர், வேகம் 115200, அப்புறம் ரா (எழுத்துகளை மாற்றாமல் அப்படியே விடு), மைனஸ் எக்கோ. ரா மட்டும் போட்டால் போதும் என்று நினைத்துத்தான் பலர் சறுக்குகிறார்கள். லினக்ஸில் உள்ள எஸ்டிடிஒய்யில் ரா என்பது எக்கோவை அணைக்காது, அதைத் தனியாகச் சொல்லவேண்டும். மோடத்தின் எக்கோவையும் 'ஏடிஇ0' அனுப்பி அணைத்துவிடலாம்.

ரா போட்ட பிறகு இன்னொரு விஷயம் உங்களைக் குழப்பும்: எக்கோ கட்டளையால் 'ஏடி' அனுப்பினால் மோடம் வாயே திறக்காது. முன்பு வரி முடிவோடு கேரியேஜ் ரிட்டர்ன் (என்டர் விசை அனுப்பும்) எழுத்தைச் சேர்த்துக்கொண்டிருந்தது கெர்னல். ரா என்று சொன்னதும் அந்த உதவியும் போய்விட்டது. மோடத்துக்கு வேண்டியது அந்த எழுத்துதான். பிரின்ட்எஃப் கட்டளையில் 'ஏடி'க்குப் பின் பின்சாய்வுக்கோடும் ஆர் எழுத்தும் சேர்த்து அனுப்புங்கள்.

கேட் கட்டளை பின்னணியில் ஓடிக்கொண்டே இருக்கட்டும். போர்ட்டைப் பிடித்திருக்கும் கடைசி நிரலும் விட்டுவிட்டால் கெர்னல் 'கணினி தயார்' என்று சொல்லும் டிடிஆர் என்ற சமிக்ஞையைக் கீழே இறக்கும். பல மோடங்களுக்கு அது 'போனை வை' என்று பொருள்.

கேள்வி: இதெல்லாம் எதற்கு? லினக்ஸில் மோடங்களைக் கவனிக்கும் மோடம்மேனேஜர் சேவை எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொள்ளாதா?

பதில்: பார்த்துக்கொள்ளும், நீங்கள் கேட்காதபோதும். சீரியல் போர்ட் ஒன்று புதிதாகத் தோன்றினால், இது மோடமாக இருக்குமோ என்று திறந்து 'ஏடி' சொல்லிப் பார்ப்பது அதன் குணம். செருகிய முதல் சில வினாடிகள் போர்ட் பிஸி என்று வருவதும், நீங்கள் அனுப்பாத கேள்விகளுக்கு விடை வருவதும் இதனால்தான். சோதிக்கும்போது அந்தச் சேவையை நிறுத்திவையுங்கள். நிரந்தரமாக ஒதுக்க, யூடெவ் விதியில் ஐடி எம்எம் டிவைஸ் இக்னோர் என்ற குறிப்புக்கு மதிப்பு 1 கொடுங்கள். உபுண்டு 22.04-ல் சிஹெச்340 சில்லு உள்ள யூஎஸ்பி-சீரியல் கேபிள் மாட்டியவுடன் மறைந்துபோனால் மோடம்மேனேஜரைத் திட்டவேண்டாம். எடுத்துக்கொள்வது பிரெய்ல் கருவிகளை இயக்கும் பிஆர்எல்டிடிஒய் என்ற நிரல், அந்தக் கேபிளைப் பார்வையற்றோருக்கான பிரெய்ல் கருவி என்று நினைத்துவிடுகிறது. பிரெய்ல் கருவி உங்களிடம் இல்லையென்றால் அந்தப் பொதியை நீக்கிவிடலாம்.

கேள்வி: பழைய தொழிற்சாலைக் கணினியில் நிஜமான சீரியல் போர்ட், வெளி மோடம், வேகம் 115200. பெரிய கோப்பு வரும்போது நடுநடுவே பைட்டுகள் தொலைகின்றன. ஹார்ட்வேர் ஃப்ளோ கன்ட்ரோல் (நிரம்பினால் 'நிறுத்து' என்று தனிக் கம்பியில் சொல்லும் முறை) போட்டும் சரியாகவில்லை. மினிகாம் என்ற முனைய நிரலில் கையால் தட்டினால் எல்லாம் நன்றாக இருக்கிறது.

பதில்: முதலில் கெர்னல் காட்டும் இன்னொரு மரமான ப்ராக் மரத்தில் டிடிஒய், டிரைவர், சீரியல் என்ற கோப்பைப் படியுங்கள், ரூட்டாக. போர்ட்டுக்கு ஒரு வரி இருக்கும்: சில்லின் பெயர், முகவரி, இன்டரப்ட் (சில்லு கெர்னலைக் கூப்பிடும் மணி) எண், போன பைட், வந்த பைட். அந்த வரியில் ஓஇ என்று ஓர் எண் இருந்தால் அது ஓவர்ரன் (அள்ளுவதற்குள் பைட் வழிந்தது), எஃப்இ என்றால் ஃப்ரேமிங் பிழை (பைட்டின் எல்லை தவறியது). எஃப்இ ஏறினால் வேகம் பொருந்தவில்லை அல்லது கம்பியில் இரைச்சல் என்று வேறு பக்கம் போகவேண்டும். உங்கள் கதைக்கு ஓஇதான் ஏறியிருக்கும் என்று பந்தயம் கட்டுகிறேன்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பைட்டுக்குத் தொடக்கப் பிட் 1, தரவு 8, நிறுத்தப் பிட் 1, ஆக 10 பிட். 115200-ல் வினாடிக்கு 11520 பைட், ஒன்றுக்குச் சுமார் 87 மைக்ரோ வினாடி. 16550ஏ என்ற சீரியல் சில்லில் உள்ள கிடங்கு 16 பைட் கொள்ளும். லினக்ஸ் அதில் 8 சேர்ந்ததும் இன்டரப்ட் அடிக்கும்படி அமைக்கிறது. மீதி 8 நிரம்புவதற்குள், அதாவது ஏறக்குறைய 0.7 மில்லி வினாடிக்குள், கெர்னல் வந்து அள்ளவேண்டும். பழைய கணினியில் வேறு ஏதாவது டிரைவர், குறிப்பாக டிஎம்ஏ (செயலி சுமக்காமல் தரவு நேரே நினைவகத்துக்குப் போகும் வழி) இல்லாமல் ஓடும் வட்டு, அதைவிட அதிக நேரம் இன்டரப்ட்டுகளைப் பூட்டிவைத்தால் 17-வது பைட்டுக்குப் போக இடமில்லை.

ஃப்ளோ கன்ட்ரோல் ஏன் காப்பாற்றவில்லை? சாதாரண 16550ஏ-யில் 'அனுப்பலாம்' என்று மோடத்துக்குச் சொல்லும் ஆர்டிஎஸ் கம்பியை இறக்குவது சில்லு அல்ல, கெர்னல். தன் பஃபர் நிரம்பும்போதுதான் இறக்கும். இங்கே கெர்னல் வரவே தாமதமாகிறது. வாசலைப் பூட்டவேண்டிய காவலாளியே ஊரில் இல்லாதபோது பூட்டு எதற்கு?

ஆகவே சிஸ்எஃப்எஸ்ஸில் அந்த டிடிஒய்க்குக் கீழே இருக்கும் ஆர்எக்ஸ் டிரிக் பைட்ஸ் என்ற மதிப்பை 8-லிருந்து 4 ஆக்குங்கள். இன்டரப்ட் அதிகமாகும், ஆனால் கெர்னலுக்கு இன்னும் நாலு பைட் நேரம் கிடைக்கும். வட்டுக்கு டிஎம்ஏ இயங்குகிறதா பாருங்கள். இரண்டும் உதவாவிட்டால் 57600-க்கு இறங்குங்கள். தொலைபேசிக் கம்பியில் 33.6 கிலோபிட் ஓடும் மோடத்துக்கு, ஏற்கெனவே சுருக்கப்பட்ட கோப்பென்றால், அதனால் ஒரு நட்டமும் இல்லை. 115200 என்பது சுருக்கம் நன்றாக வேலை செய்யும் வெறும் எழுத்துக் கோப்புகளுக்குத்தான் பயன்.

சில்லின் பெயர் 16550ஏ என்று வராமல் 8250 அல்லது 16450 என்று வந்தால் கிடங்கே இல்லை, ஒரே பைட்தான். அதை வைத்து 115200 கனவு காணவேண்டாம்.

இதற்கு நேரெதிரான நோயையும் சொல்லிவைக்கிறேன், இன்னொரு வாசகர் மூன்று வரியில் கேட்டிருக்கிறார்: மோடம் சொல்வது தெரிகிறது, தட்டுவது போகவில்லை. மூன்றே கம்பி உள்ள கேபிள், ஆனால் மினிகாமில் ஹார்ட்வேர் ஃப்ளோ கன்ட்ரோல் இயல்பாகவே இயங்கிய நிலையில் இருக்கும். 'அனுப்பலாம்' என்று மோடம் சொல்லும் சிடிஎஸ் எப்போது வரும் என்று கெர்னல் காத்துக்கொண்டே இருக்கிறது, அந்தக் கம்பியோ கேபிளில் இல்லை. அமைப்பில் போய் அணைத்துவிடுங்கள். கேபிளில் சந்தேகமா? மோடம் பக்கத்து முனையைக் கழற்றி, தரவு வரும் போகும் கம்பிகள் சேரும் 2-ம் ஊசியையும் 3-ம் ஊசியையும் ஒரு பேப்பர் கிளிப்பால் இணையுங்கள். தட்டிய எழுத்து திரும்பி வந்தால் கணினியும் டிரைவரும் கேபிளும் சரி. என்னிடம் உள்ள மிக விலை உயர்ந்த சோதனைக் கருவி அந்தக் கிளிப்தான், வாங்கிய புத்தகக் கட்டோடு இலவசமாக வந்தது.

கேள்வி: மோடம் கனெக்ட் என்கிறது. உடனே தொலைபேசி வழியே இணைய இணைப்பை நடத்தும் பிபிபிடி நிரல் தொடங்குகிறது. அரை நிமிடம் கழித்து எல்சிபி டைம்அவுட் (மறுமுனையிலிருந்து பதில் இல்லை) என்று சொல்லி வைத்துவிடுகிறது.

பதில்: பிபிபிடியை ஒதுக்கிவைத்துவிட்டு மினிகாமில் கையால் டயல் செய்யுங்கள். கனெக்ட் வந்த பிறகு ஒரு சில வினாடிகள் பாருங்கள். அலைக்குறி, வலப்பக்க நெளி அடைப்பு, ஆச்சரியக்குறி என்று கிறுக்கல் வந்தால் சந்தோஷப்படுங்கள், அதுதான் பிபிபி, இணைப்பைத் தொடங்க மறுமுனை பேசும் மொழி. ஒவ்வொரு சட்டகமும் ஹெக்ஸ் 7இ என்ற பைட்டில் தொடங்குகிறது, அது திரையில் அலைக்குறியாகத் தெரியும். கிறுக்கலுக்குப் பதில் பயனர் பெயர் கேட்டு நின்றால், மறுமுனை இன்னும் பிபிபிக்கு வரவில்லை. டயல் செய்து உள்நுழையும் உங்கள் சாட் ஸ்கிரிப்ட் ஒரு படி முன்னாலேயே முடிந்துவிடுகிறது. கிறுக்கல் வருகிறது, பிபிபிடிக்கு மட்டும் கேட்கவில்லை என்றால் பிபிபிடியில் டீபக் போட்டுப் பதிவைப் பாருங்கள். சீரியல் இணைப்பு 8 பிட் சுத்தமாக இல்லை என்று புகார் இருந்தால் நடுவில் எங்கோ 7 பிட் அல்லது பாரிட்டி அமைப்பு ஒட்டிக்கொண்டிருக்கிறது. லைன் லூப் ஆகியிருக்கிறது என்றால், நீங்கள் அனுப்பியதே திரும்பி வருகிறது, மறுமுனையில் ஏதோ ஒன்று எக்கோ செய்துகொண்டிருக்கிறது. மேலே சொன்ன சாப்பாட்டுக் கதையின் பங்காளி.

கேள்வி: ஜிஎஸ்எம் மோடம் அடிக்கடி தானே துண்டித்து மறுபடி வருகிறது. டிடிஒய்யூஎஸ்பி2 ஆக இருந்தது டிடிஒய்யூஎஸ்பி3 ஆகிவிடுகிறது, என் நிரல் செத்துவிடுகிறது.

பதில்: இரண்டு வேறு நோய்கள். துண்டிப்பு பெரும்பாலும் மின்சாரம். 2ஜி-யில் பேசும் மோடம் அலைபரப்பும் கணத்தில் 2 ஆம்பியர் வரை இழுக்கும், யூஎஸ்பி 2.0 போர்ட் கொடுக்கக் கடமைப்பட்டதோ 500 மில்லி ஆம்பியர். சிக்னல் மோசமான இடத்தில் மோடம் இன்னும் உரக்கக் கத்தும். 'ஏடி+சிஎஸ்க்யூ' அனுப்பிச் சிக்னல் அளவைக் கேளுங்கள். 0 முதல் 31 வரை அளவு, 99 என்றால் அதற்கே தெரியவில்லை. எண் குறைவாக இருக்கும்போதே துண்டிப்பு அதிகமென்றால் தனி மின்சாரம் உள்ள ஹப் போடுங்கள், கேபிளைக் குட்டையாக்குங்கள். சும்மா இருக்கும்போது மட்டும் துண்டித்தால் சும்மா இருக்கும் கருவியைத் தூங்கவைக்கும் ஆட்டோசஸ்பெண்டைச் சந்தேகித்து, அந்தக் கருவியின் பவர் கன்ட்ரோல் மதிப்பில் 'ஆன்' எழுதிப் பாருங்கள்.

எண் மாறுவது உங்கள் நிரலின் குற்றம். மோடம் போன பிறகும் அது பழைய போர்ட்டைத் திறந்தே வைத்திருக்கிறது. யாரோ பிடித்திருக்கும் எண்ணைக் கெர்னல் புதியவருக்குத் தராது. படிக்கும்போது பிழையோ 0 பைட்டோ வந்தால் உடனே மூடுங்கள். திறக்கும்போதும் எண்ணை நம்பாமல், டெவ் அடைவில் சீரியல் என்பதற்குள் இருக்கும் பை-ஐடி பெயரைப் பயன்படுத்துங்கள். ஒரே மாதிரி இரண்டு மோடம் வைத்திருந்தால் அதுவும் ஏமாற்றும், பலவற்றில் தனி வரிசை எண்ணே கிடையாது. அப்போது பை-பாத். அது எந்தத் துளையில் செருகியது என்பதை வைத்துப் பெயர் சொல்லும். துளைக்குப் பக்கத்தில் 1, 2 என்று ஒட்டுத்தாள் ஒட்டிவிடுங்கள், கூட்டிப் பெருக்குகிறவர் கழற்றி மாற்றிச் செருகுவதற்கு முன்னால்.